உங்கள் பெயர் கேள்விக்குறி ஆன கதை



ரசீதிலோ உறுப்பினர் பட்டியலிலோ உங்கள் பெயர் ‘?????’ என்று வந்து பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலே குறியாக்கம். 1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு இடமே இல்லை.

1990-களில் நம்மவர்கள் ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றினார்கள். எழுத்துருவுக்கு ஒரு பட்டியல் என்றானது. ஓர் அலுவலகத்தில் அடித்த கடிதம் அடுத்த அலுவலகத்தில் கிறுக்கலாகத் தெரிந்தது. இதைத் தீர்க்கத்தான் இணையத் தமிழர்கள் கூடித் ‘திஸ்கி’யை உருவாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை அடுத்து, தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என இரண்டு தரங்களை அறிவித்தது.

இதற்கிடையே, 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்திருந்தது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது.

அப்படியும் தரவுத்தளங்களில் பழைய பழக்கம் போகவில்லை. சுவீடனில் பிறந்த மைஎஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாமாக மாற்றாவிட்டால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலையே எடுத்துக்கொள்ளும். அகரவரிசையும் சுவீடிஷ் முறைதான்!

இடமும் ஒரு சிக்கல். ‘லட்சுமி’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனி. ஆக ஏழு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 21 பைட். 20 பைட் மட்டும் ஒதுக்கிய கட்டத்தில் லட்சுமி அம்மாவின் பெயர் முழுதாக நிற்காது.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பெயர் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் உள்ளே எண்கள் பத்திரமாக இருக்கும். சரியான பட்டியலைக் கொண்டு படித்தால் மீட்டுவிடலாம். ஆனால் சேமிக்கும்போதே கேள்விக்குறியாக மாறிவிட்டால், அசல் அழிந்துவிட்டது. எந்த நிபுணர் வந்தாலும் ‘?????’ என்பதிலிருந்து முருகனையும் மும்தாஜையும் பிரித்தெடுக்க முடியாது.

எனவே எந்தப் பதிவேட்டிலும் உங்கள் பெயரைத் தமிழில் கொடுத்தால், பதிந்ததும் ஒருமுறை திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். கையால் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் தூக்கிப் போடாதீர்கள். கணினி மறந்த பெயரை மீட்க அந்தத் தாள் ஒன்றே சாட்சி.