மூன்றடி வாசல், ஆறடி ரேம்ப்

பெரியம்மாவின் வீல்சேருக்காக முடிச்சூரில் செகண்ட் ஹேண்ட் ரேம்ப் தேடினோம். அலுமினியத்தில் ஒன்று கிடைத்தது. ஆறடி நீளம். வாசலை அளந்தால் மூன்றடி உயரம். போதுமா?

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேணும். 1961-ல் அமெரிக்காவில் வந்த தர விதியிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வீல்சேர் மாணவர்களோடு திமோத்தி நியூஜெண்ட் செய்த ஆய்வுதான் அந்த விதிக்கு அடிப்படை. நம் அரசின் வழிகாட்டு நெறிகளிலும் அதே 1:12 தான். ஊனமுற்றோருக்கான 1995 சட்டம் பொதுக் கட்டடங்களுக்குத்தான் சாய்தளம் கேட்டது. வீட்டு வாசல் அவரவர் பாடு.

அந்த வாசலும் இங்கே சும்மா உயரவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அதன்பிறகு பலர் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினவங்களும் உண்டு. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்ததே பெரியம்மாவை வெளியே போகவிடாமல் செய்துவிட்டது.

மூன்றடிக்கு 36 அடி வேணும். ஆறடி ரேம்பைச் சாய்த்தால் 30 டிகிரி ஏற்றம். தள்ளுறவங்க கை நழுவினால் அவ்வளவுதான். அது அரையடிப் படிக்குத்தான் சரி.

வாங்கவில்லை. காம்பவுண்டை ஒட்டிக் கொல்லை வாசல் வரை சிமெண்டில் கட்டச் சொல்லியிருக்கிறோம். நீங்க வாங்கப் போனால், விலை கேட்கும் முன் வாசலை அளந்துக்கோங்க.