வானிலிருந்து விழுந்த கடிதம்

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் மறையுரை மேடையிலிருந்து ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. சில வாரங்களுக்கு முன் விமான விபத்தில் மாண்ட வெர்னர் மோல்டர்ஸ் என்னும் வான்படை வீரர், ஸ்டெட்டின் நகரத் தலைமைக் குருவுக்கு எழுதியதாக அதில் கண்டிருந்தது. சாவின் முன் நிற்கும் வீரனுக்கு விசுவாசமே துணை. நேற்று அதை எள்ளி நகைத்தவர்களே இன்று அதைத் தேடுகிறார்கள் என்பது அதன் சாரம். மக்கள் அதைப் பிரதி எடுத்தனர். கைக்குக் கை மாற்றினர். ஆனால் மோல்டர்ஸ் அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

யார் இந்த மோல்டர்ஸ்? 1913 மார்ச் 18-இல் கெல்சன்கிர்ஷன் நகரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரான தந்தை 1915-இல் போர்முனையில் உயிர் துறந்தார். இளம் விதவையான தாய் பிராண்டன்பர்க் நகரில் பிள்ளைகளை வளர்த்தார். அங்கே கத்தோலிக்க மாணவர் இயக்கம் ஒன்றில் வளர்ந்த வெர்னர், அதன் ஆன்ம வழிகாட்டியான குருவின் நட்பை இறுதிவரை பேணினார். விமானப் பயிற்சிக்கு முதலில் விண்ணப்பித்தபோது, தலைசுற்றலும் வாந்தியும் மிகுந்ததால் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். மன உறுதியால் அக்குறையை வென்று விமானியானார்.

1938-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு, ஹிட்லர் பிராங்கோவுக்கு உதவியாக அனுப்பிய காண்டர் படையில் சென்றார். 14 விமானங்களை வீழ்த்தினார். மூன்று மூன்றாக ஒட்டிப் பறக்கும் பழைய முறையில், விமானியின் கவனமெல்லாம் பக்கத்து விமானத்தோடு மோதாமல் இருப்பதிலேயே போய்விடும். அதை மாற்றி, இருவர் இருவராக, நான்கு விரல் நுனிகளைப்போல் அகன்று பறக்கும் முறையைத் தோழர்களோடு சேர்ந்து வகுத்தார். ஒருவர் தாக்க, மற்றவர் அவருடைய முதுகைக் காப்பார். பிற்பாடு பிரிட்டிஷ் வான்படையும் இதைக் கைக்கொண்டது. தம் படையினரை அவர் காத்த விதம் கண்டு, வீரர்கள் அவரை 'அப்பா' என்றே அழைத்தனர். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை!

1941 ஜூலை 15-இல், இரண்டாம் உலகப்போரில் 100 விமானங்களை வீழ்த்திய முதல் விமானி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவரை இழக்க அஞ்சிய அரசு, அவர் இனிப் போரில் பறக்கக்கூடாதென்று தடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் ஆலயத்தில், திருச்சபை முறைப்படி திருமணம் செய்துகொண்டார். மந்திரித்தவர் அவருடைய இளமைக்கால வழிகாட்டியான அதே குரு. நாத்சித் தலைவர்களுக்கு அது உவப்பாக இல்லை.

இரண்டே மாதங்கள். வான்படைத் தளபதி எர்ன்ஸ்ட் ஊடெட் நவம்பர் 17-இல் தற்கொலை செய்துகொண்டார். சோதனை விபத்தில் இறந்தாரென்று அரசு அறிவித்தது. அந்த இறுதிச் சடங்குக்குப் பயணியாகப் பறந்து வந்தபோதே, நவம்பர் 22 அன்று பிரெஸ்லாவ் அருகே விமானம் நொறுங்கி மோல்டர்ஸ் மாண்டார். வயது 28.

இங்கேதான் பிரிட்டனின் மறைமுகப் பிரசாரத் துறை நுழைகிறது. பெர்லினில் பிறந்த ஆங்கிலப் பத்திரிகையாளர் செஃப்டன் டெல்மர் அதில் முக்கியமானவர். மோல்டர்ஸ் பெயரில் கடிதம் புனையப்பட்டு, விமானங்களிலிருந்து ஜெர்மனியின்மீது வீசப்பட்டது. 1962-இல் வெளியான தம் நினைவு நூலில் டெல்மர் இதை ஒப்புக்கொண்டார். கடிதம் போலி என்று நாத்சி அரசு அன்றே கூவியது. அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பவருக்கு 1,00,000 மார்க் பரிசும் அறிவித்தது. ஒருவரும் நம்பவில்லை. ஊடெட்டின் சாவைப் பற்றிப் பொய் சொன்ன அதே வாய், இம்முறை உண்மையைத்தான் சொன்னது!

மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1941 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மூன்ஸ்டர் ஆயர் வான் காலன், மடங்களின் பறிமுதலையும் மனநோயாளிகளின் கொலையையும் மேடையேறிக் கண்டித்திருந்தார். அந்த மறையுரைகளும் இவ்வாறே பிரதியெடுக்கப்பட்டு இரகசியமாகப் பரவின. அவை மெய்; இது பொய். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மேடையேறும் குருக்களில் ஒருவன் என்ற முறையில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: அன்று என் கையில் அது கிடைத்திருந்தால் வாசித்திருக்க மாட்டேனா? வாசித்திருப்பேன் என்றே அஞ்சுகிறேன். ஆயர் தம் பெயரில், தம் உயிரைப் பணயம் வைத்துப் பேசினார். கடிதத்தை எழுதியவர்களோ, மறுத்துப் பேச இயலாத ஒரு பிணத்தின் வாயைக் கடன் வாங்கினார்கள்.

அதன் பயனாகப் போருக்குப் பின் மோல்டர்ஸ் ஹிட்லரை எதிர்த்த கத்தோலிக்க வீரராகவே பலர் நினைவில் வாழ்ந்தார். அவருடைய பக்தி மெய்தான். ஆயினும் இறுதிவரை அவர் சேவித்தது அந்த ஆட்சியையே. 1998-இல் ஜெர்மானிய நாடாளுமன்றம், காண்டர் படையினருக்கு இனிப் பெருமை செய்யலாகாது என்று தீர்மானித்தது. 2005-இல் நாய்பர்க் விமானப் படைப்பிரிவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. முன்னாள் வீரர்கள் பலர் அதை எதிர்த்தனர். 1969-இல் அவர் பெயரைத் தாங்கிப் பணியில் சேர்ந்த போர்க்கப்பல், 2003-இல் ஓய்வுபெற்று, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அருங்காட்சியகமாயிற்று. அங்கே அப்பெயர் நிலைத்துவிட்டது.