கரிசல் நாட்டுச் செம்மறிகள்



மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் கப்பலூர் என்றோர் ஊர் உண்டு. இன்று அங்கே செல்வோர் கண்ணில் முதலிற்படுவது தொழிற்பேட்டை. என் இளமையில் அவ்வூர்ப்புறத்தில் நான் கண்ட காட்சி வேறு. அறுவடை முடிந்த நிலங்களில் மாலைதோறும் ஆட்டுக்கிடை அமரும். எங்கள் வீட்டிலும் சிறு மந்தை ஒன்று இருந்தது. அடர்ந்த செம்பழுப்பு நிறம். தலையிலும் வயிற்றிலும் கால்களிலும் கரும்புள்ளிகள். கிடாய்க்குத் திருகிய தடித்த கொம்பு. அவையே கீழக்கரிசல் ஆடுகள்.

ஒருநாள் என் தந்தையார் சந்தையிலிருந்து வேற்றினத்துப் பெரிய கிடாய் ஒன்றை ஓட்டி வந்தார். பிறந்த குட்டிகள் பருத்திருந்தன. நல்ல விலைக்கும் போயின. சில ஆண்டுகளில் மந்தையின் பழைய நிறம் மறைந்தது. ஆடுகளின் தொகை குறைந்ததா? இல்லை, கூடிற்று. ஆனால் இனம் அழிந்தது. தந்தையாரை நான் குறை கூறேன். குடும்பத்தின் தேவை அவருக்குப் பெரிது. எனினும், ஓர் இனம் இவ்வாறு ஓசையின்றி மறையக்கூடும் என்பதை அன்று எங்களுள் எவரும் அறிந்திலோம்.

ஆடு மேய்த்தல் நம் நாட்டின் பழந்தொழில். முல்லைக்கலி ஆடு மேய்க்கும் ஆயரைப் புல்லினத்தார் எனத் தனியே பிரித்துக் கூறும். பிற்காலத்தே இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கீதாரிகள் கோடையில் மந்தைகளைத் தஞ்சைத் தரணிவரை ஓட்டிச் சென்று, வயல்களில் கிடை போட்டு, உழவரிடம் கூலி பெற்றனர். நெடுந்தூரம் நடக்கவும், வெயிலைத் தாங்கவும், தாளடியை மேய்ந்து உயிர் வாழவும் வல்ல ஆடுகளே இவ்வாழ்க்கையில் நிலைத்தன. இங்ஙனம் நிலமும் காலமும் மேய்ப்பரின் தேர்வும் சேர்ந்து இனங்களை உருவாக்கின. வெண்ணிற மேனியில் செந்திட்டுக்கள் பரந்த வேம்பூர் ஆடு, இராமநாதபுரம் வெள்ளை, வாடிப்பட்டி வட்டத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆகியவை இத்தகையனவே.

பின்னர் இரசாயன உரம் வந்தது. கிடையின் தேவை சுருங்கியது. மேய்ச்சல் நிலங்கள் குறைந்தன. கண்டபடி இனங்கள் கலந்தன.

இவ்வாடுகள் போனால் என்ன என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக ஒரு வரலாறு கூறுகின்றேன். கப்பலூரில் தொடங்கிய பேச்சு இப்பொழுது கப்பலேறப் போகின்றது. 1792, 1793 ஆம் ஆண்டுகளில் வங்காளத்து ஆடுகள் சில கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டன. உருவிற் சிறியவை, எனினும் ஓர் ஈற்றில் பல குட்டிகள் ஈனும் இயல்புடையவை. அங்கே அவை பிற இனங்களோடு கலந்து மறைந்தன. நெடுங்காலத்துக்குப் பின், புரூலா என்னும் பண்ணையின் மெரினோ ஆடுகள் வியக்குமாறு பல குட்டிகள் ஈன்றன. 2001 ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டனர். சுந்தரவனத்தில் இன்றும் வாழும் கரோல் ஆடுகளை அடுத்து ஆராய்ந்தபோது, அதே மாற்றம் அவற்றிலும் இருந்தது! மராட்டியத்தின் பல்டன் நகரத்து ஆய்வாளர்கள் கரோல் ஆட்டின் அவ்வியல்பைத் தக்காணத்து ஆடுகளுக்கு ஊட்டினர். அற்பமென எண்ணப்பட்ட சிற்றாடு தன்னுள் வைத்திருந்த செல்வம் அது. நம் கரிசல் ஆடு எச்செல்வத்தை வைத்துள்ளதோ, அழிந்தபின் தேடிப் பயனில்லை.

ஆடுகளை எண்ணிக் காத்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு கிடாயும் 99 பெட்டைகளும் உள்ள மந்தையைக் கருதுங்கள். எல்லாக் குட்டிகளுக்கும் தந்தை ஒன்றே. ஆண் தொகையையும் பெண் தொகையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுத்தால், மரபு வளத்தின் கணக்கில் அம்மந்தை ஏறக்குறைய நான்கு ஆடுகளுக்கே சமம் எனக் காண்பீர்கள். பத்துக் கிடாய்களும் 90 பெட்டைகளும் இருப்பின் அது 36 ஆகும். ஆகவே பல குடும்பத்துக் கிடாய்களைக் காப்பதே இனத்தைக் காக்கும் வழி.

இந்தியாவில் இப்பணிக்கெனக் கர்னாலில் விலங்கு மரபுவள நிறுவனம் இயங்குகின்றது. அது இனங்களை ஆராய்ந்து பதிவு செய்கின்றது. விந்தை உறையவைத்துச் சேமிக்கின்றது. கச்சைக்கட்டிக் கருப்பும் அப்பதிவில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நம் இனங்களை ஆராய்ந்து வருகின்றது. ஆயினும், குளிர்பெட்டியில் உள்ள விந்து, வெயிலில் நடக்கும் மந்தைக்கு ஈடாகாது. மேய்ப்பவன் வாழ்ந்தாலன்றி இனம் வாழாது. நல்ல நாட்டுக் கிடாயை வளர்ப்பவனுக்குத் தகுந்த விலையும், மேய்க்க நிலமும் கிடைத்தல் வேண்டும்.

எங்கள் மந்தையை நான் மீட்க இயலாது. நீங்களோ இளைஞர்கள். அடுத்தமுறை சாலையோரம் ஒரு மந்தையைக் கண்டால், சற்றே நின்று, "ஐயா, இது என்ன இனம்? கிடாய் எங்கிருந்து வந்தது?" என்று மேய்ப்பவரைக் கேளுங்கள். அவர் கூறுவதைக் குறித்து வையுங்கள். காப்பதற்கு முதற்படி, பெயரை அறிதல்.