எழுவர் அமர்ந்த மேசை

நோயாளருக்காக நிதி திரட்டுவது கிறிஸ்தவர்களாகிய நமக்குப் புதிய பணி அன்று. ஆயினும் திரட்டிய நிதி ஒருசிலரை மட்டுமே வாழவைக்கும் என்ற நிலை வருமானால், அச்சிலரைத் தெரிந்துகொள்பவர் யார்? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1960களில் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தது.

செயற்கைச் சிறுநீரகத்தை 1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் தமனியையும் சிரையையும் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால், சிறுநீரகம் முற்றிலும் பழுதுபட்டோருக்கு அது நெடுநாள் உதவவில்லை. 1960 மார்ச்சில் சியாட்டில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலேயே டெஃப்லான் குழாயொன்றை நிலையாகப் பொருத்தி அத்தடையை நீக்கினார். முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் ஓர் இயந்திரத் தொழிலாளி. சாவின் விளிம்பில் நின்ற அவர் மேலும் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

1962-இல் ஓர் அறக்கட்டளையின் நன்கொடையைக் கொண்டு அந்நகரில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. இருந்த படுக்கைகள் மூன்றே. ஒரு நோயாளிக்கு ஆண்டுதோறும் 10,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. காப்பீட்டு நிறுவனங்களோ கைவிரித்தன. தகுதியுள்ளோரை மருத்துவர்கள் முதலில் பிரித்தெடுத்தனர். அப்போதும் படுக்கைகளைவிட நோயாளரே மிகுந்திருந்தனர். எனவே எழுவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர், இவர்களோடு சபைப் போதகர் ஒருவர். ஊதியமில்லை, பெயரும் வெளியிடப்படவில்லை.

அவர்கள் எதை எடைபோட்டார்கள்? வயது, மணவாழ்வு, பிள்ளைகள், வருவாய், கல்வி, தொழில், எதிர்காலத்தில் சமுதாயத்திற்கு ஆகக்கூடிய பயன். ஆலயத்திற்குச் செல்பவரா என்பதும் அங்கே பேசப்பட்டது. 1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது நாடே திடுக்கிட்டது. தனித்து வாழ்ந்த எழுத்தாளர் தோரோ போன்ற ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்திராது என்று 1968-இல் சட்ட இதழொன்றில் இருவர் எள்ளி எழுதினர்.

அவ்வெழுவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. கொடுமை அவர்கள் உள்ளத்தில் இல்லை, நிதியின் குறைவில் இருந்தது. ஆனால் அந்தப் போதகரைப் பற்றி மட்டும் நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு. சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி தம்மிடம் வந்தவனுக்கு நடுவராயிருக்க ஆண்டவர் உடன்படவில்லை. இங்கோ பங்கிடப்பட்டது உயிர். வழிபாட்டுக்கு வருவதே பிழைப்பதற்கு ஒரு சான்றாக எண்ணப்பட்டபோது அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

அந்த மேசைக்கே வராதோரும் இருந்தனர். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் இச்சிகிச்சைக்கு ஏற்றவரல்லர் என்று அக்காலத்தில் பொதுவாக முன்னரே விலக்கப்பட்டனர்.

அதே நாட்டில் வேறொரு வகை ஈகையும் நடந்துகொண்டிருந்தது. சிறுநீரக நோயுற்ற குழந்தையின் பெற்றோர் 1950-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் குழுவே பின்னாளில் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையாயிற்று. நீரிழிவுற்ற சிறாரின் பெற்றோர் 1970-இல் தம் பங்குக்கு ஓர் ஆராய்ச்சி நிதியை நிறுவினர். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசு இன்னார் பிழைக்கட்டும், இன்னார் சாகட்டும் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதனாலேயே அதன்மேல் நமக்கு மதிப்பு மிகுதி. எனினும் இன்றிரவு படுக்கைக்காகக் காத்திருப்பவருக்கு அது எட்டாத தொலைவிலேயே இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கையிலுள்ள ஒரு ரூபாயை எந்தப் பெட்டியில் இடுவது என்பதே கடினம்.

1971 நவம்பர் 4 அன்று நோயாளர் சங்கத்தைச் சேர்ந்த ஷெப் கிளேசர், நாடாளுமன்றக் குழுவின் கண்ணெதிரே தம் உடலை இயந்திரத்தோடு இணைத்துக்கொண்டு பேசினார். மறு ஆண்டு அக்டோபர் 30-இல் சட்டம் கையொப்பமாயிற்று. 1973 ஜூலை முதல், சிறுநீரகம் செயலிழந்தோரில் ஏறத்தாழ அனைவருக்கும் வயது வேறுபாடின்றி அரசே செலவை ஏற்றது. எழுவர் மேசைக்கு அதன்பின் வேலையில்லாமற் போயிற்று. ஒருகாலத்தில் விலக்கப்பட்ட நீரிழிவு நோயாளரே இன்று அந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்குவோரில் மிகப் பெரும் பிரிவினர்.