மேட்டூர் அணை திறந்தா எந்த தெரு முதல்ல மூழ்கும்? முன்கூட்டியே சொல்லும் ஜிஐஎஸ் மேப்!

மேட்டூர் அணை 120 அடியை எட்டினால் டெல்டா விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர மக்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. 2022 ஆகஸ்ட்டில் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 2 லட்சம் கனஅடி தண்ணீர் வெளியேறியபோது, இங்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பலர் முகாம்களில் தங்கினர்.

அடுத்த முறை யாரை முதலில் வெளியேற்றணும்? இதற்குப் பதில் தேட உதவுவதுதான் ஜிஐஎஸ்.

ஜிஐஎஸ் என்றால் என்ன?

புவியியல் தகவல் அமைப்பு. ஒரு ஊரைப் பற்றிய தகவல்களை ஒரே மேப்பில் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கும் முறை.

* நிலத்தின் மேடு, பள்ளம்
* ஆறு, ஏரி, ஓடை
* வீடுகள், மக்கள் தொகை
* சாலை, பாலம், பள்ளி, மருத்துவமனை

எப்படி உதவும்?

'ஆற்றில் தண்ணீர் 1 மீட்டர் உயர்ந்தா என்ன ஆகும்?' என்று கணக்கிட்டால், மூழ்கும் பகுதி மேப்பில் தெரியும். ஆற்றை ஒட்டிய மேட்டுத் தெரு தப்பிக்கலாம். தள்ளி இருக்கும் பள்ளமான தெரு மூழ்கலாம். முகாமுக்குப் போகும் வழியில் தரைப்பாலம் இருந்தா, அந்த முகாமே வீண். இதெல்லாம் மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

புதிய மாநகராட்சிக்கு ஏன் முக்கியம்?

நாமக்கல் 2024-ல் மாநகராட்சியானது. நகரம் வளரும்போது ஓடையும் ஏரிக்கரையும் வீட்டுமனை ஆகிவிடும் ஆபத்து உண்டு. பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சேர்வராயன் மலைப்பகுதியில் தொடங்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியபோது, சேலத்தில் இந்த ஆறு பெருக்கெடுத்தது. நீர் போகும் வழியை மேப்பில் குறித்துவிட்டுத்தான் மனைக்கு அனுமதி தரணும்.

மேப் மட்டும் போதுமா?

போதாது. போன வருஷம் கட்டிய வீடு பழைய மேப்பில் இருக்காது. நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவலும் சேர்ந்தால்தான் திட்டம் முழுமையாகும்.

நீங்க என்ன செய்யலாம்?

* இஸ்ரோவின் 'புவன்' இணையதளத்தில் உங்கள் பகுதியின் மேப்பைப் பாருங்கள்.
* அரசின் 'டிஎன் ஸ்மார்ட்' செயலியில் வரும் எச்சரிக்கைகளைக் கவனியுங்கள்.
* அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இப்பவே போனில் சேமித்து வையுங்கள்.