சொல் உமிழ்ந்த புலவர்கள்

எளிய சொல்லாற் கூறத்தக்கதனை அரிய சொல்லாற் கூறிக் கேட்போரை மயங்க வைக்கும் மாந்தரைப் படைத்து நகைத்தல் பன்மொழி இலக்கியங்களிலும் காணப்படும் வழக்காகும். இம்மாந்தர் நகைச்சுவைக்கென அமைந்தோர் என்னும் அளவில் திறனாய்வாளர் பலரும் நின்றுவிடுகின்றனர். ஆயின், இவர்தம் வாய்ச்சொற்களைத் தனித்தனியே எடுத்து, அவை பிற்காலத்து என்னவாயின என்று நோக்குவோமாயின் வேறொரு வரலாறு புலனாகின்றது. ஒருவன் அடக்கிவைத்த சொற்களை மருந்தூட்டிக் கக்குவிக்கும் இருவேறு காலத்துக் காட்சிகளை முன்வைத்து அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்காட்சி கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. யூப்ரட்டீசு ஆற்றங்கரையிலிருந்த சமோசட்டா நகரிற் பிறந்த லூசியன் கிரேக்க மொழியில் எழுதிய உரையாடல்களுள் ஒன்று 'லெக்சிபனீசு'. சொற்களைக் காட்டித் திரிபவன் என்பது அப்பெயரின் பொருள். அவன் தான் புதிதாக எழுதிய ஏடொன்றைக் கையிற் கொண்டு வருகின்றான். பிளேட்டோவின் 'விருந்து' என்னும் நூலோடு மாறுகொண்டு எழுந்த ஏடு அது. எதிர்ப்பட்ட லைசினசு என்பானுக்கு அதனைப் படித்துக் காட்டுகின்றான். வழக்கிறந்த சொற்களும், எவரும் கேட்டறியாத புத்தாக்கங்களும் விரவிய அந்நடையைக் கேட்ட லைசினசு தலைசுற்றி நிற்க, சோப்போலிசு என்னும் மருத்துவன் அவ்வழி வருகின்றான். லெக்சிபனீசு மருந்துண்கின்றான். உண்ணவே, அகத்துக் கிடந்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன.

இக்காட்சியின் பின்புலம் அறியற்பாலது. தம் காலத்திற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஏதென்சு நகரத்தார் எழுதிய வண்ணமே எழுதுதல் வேண்டும் என்னும் வேட்கை அந்நூற்றாண்டுக் கற்றோரிடை மேலோங்கி நின்றது. எச்சொல் தூயது, எச்சொல் விலக்கத்தக்கது என வரையறுக்கும் சொற்றொகுதிகளைப் பிரினிக்கசு முதலானோர் தொகுத்தனர். பழஞ்சொல் ஒன்றேனும் வாராத பேச்சு கற்றோர் பேச்சாகக் கருதப்படவில்லை. இவ்வேட்கையை நகையாடிய லூசியனும் இதற்குப் புறம்பானவன் அல்லன். சிரியாப் பகுதியினனாகிய அவன், நூல்களைக் கற்றே அப்பழைய கிரேக்க நடையைத் தன்வயப்படுத்தியவன். ஆகவே அவன் நகைத்தது பழஞ்சொல்லை அன்று. அச்சொல்லை ஆளும் முறையையே என்க. லைசினசு கூறும் அறிவுரையில் இது தெளிவாகின்றது. கருத்தினை முதற்கண் தேடி அதற்கேற்ற சொல்லைப் பின்னர்த் தேடாமல், விந்தைச் சொல் ஒன்று கிடைத்ததும் அதனைப் பொருத்துதற்கு ஒரு கருத்தினைத் தேடுதலே லெக்சிபனீசின் நோய் என்பது அதன் சாரம்.

இரண்டாம் காட்சி இங்கிலாந்தினது. 1601-இல் பென் ஜான்சன் 'பொயட்டாஸ்டர்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். பேரரசன் அகத்தசு காலத்து உரோமாபுரியே களம். எனினும், ஒரேசு என்னும் புலவன் ஜான்சனே என்பதும், கிரிஸ்பினசு என்னும் போலிப்புலவன் ஜான் மார்ஸ்டன் என்பதும் அவையோர் அறிந்த செய்தி. அரசன் முன்னிலையில் கிரிஸ்பினசு மாத்திரை உட்கொண்டு வட்டிலொன்றிற் சொற்களை உமிழ்கின்றான். லூசியனின் காட்சியை ஜான்சன் எடுத்தாண்டார் என்பதில் ஐயமில்லை. பத்தியம் கூறுவோன் வர்ஜில். டெரன்சையும் ஓமரையும் கற்கவும், பொருள் விளங்காமைக்குப் பெயர்பெற்ற லைக்கோப்ரனை அணுகாதிருக்கவும் அவன் பணிக்கின்றான்.

இனி அவ்வட்டிலுள் நோக்குவோம். 'கிளிப்பரி', 'லூப்ரிக்கல்', 'டர்ஜிடசு', 'ஆப்லேட்ரண்ட்' போன்றவை அன்றே மாண்டன. இன்று அகராதி வல்லாரன்றிப் பிறர் அறியார். ஆனால் 'ரெட்ரோகிரேடு', 'ரெசிப்ரோகல்', 'டிபங்ட்', 'ஸ்பூரியசு', 'ஸ்டிரெனுவசு', 'கான்ஷியசு' ஆகியனவும் அவ்வட்டிலிலேயே கிடக்கின்றன! 'கிளம்சி', 'டேம்ப்' என்னும் சிறுசொற்களும் உள. இவற்றை நீக்கி இன்றைய ஆங்கிலம் நடவாது. நஞ்சென்று கக்குவிக்கப்பட்டவை உணவாயின.

இது தற்செயல் நிகழ்ச்சி அன்று. 1553-இல் தாமசு வில்சன் தம் அணியிலக்கண நூலுள், பதவி வேண்டி ஒருவன் எழுதியதாக ஒரு முடங்கலைக் காட்டி, மைக்கூட்டுச் சொற்கள் என அதன் நடையை எள்ளினார். அதில் 'இன்ஜெண்ட்', 'மாக்னிபிக்கல்' என்பன இறந்துபட்டன. 'கெபாசிட்டி', 'செலிபிரேட்', 'டெக்ஸ்டெரிட்டி' என்பன பள்ளிச் சிறாரும் அறிந்தனவாயின. எம் மாணவரிடை அம்முடங்கலைப் படித்துக் காட்டியபோது, எவ்விடத்து நகைப்பது என்று வினவினார் ஒருவர். வில்சன் அவ்வினாவை எதிர்பார்த்திரார்.

பிரெஞ்சு மொழியில் இராபலே 1532-இல் படைத்த லிமூசின் மாணவன் இலத்தீனைப் பிரெஞ்சுபோல் உருட்டிப் பேசுகின்றான். பண்டகுருவேல் கழுத்தைப் பற்றியதும் அச்சத்தால் தன் ஊர்ப் பேச்சிலேயே கதறுகின்றான். இக்காட்சியைத் தந்த இராபலேயே கிரேக்க, இலத்தீனச் சொற்களை அள்ளிச் சொரிந்தவர். 1598-இல் அச்சேறிய சேக்சுபியர் நாடகம் ஒன்றில் ஓலோபெர்னீசு என்னும் ஆசிரியர் பெருஞ்சொற் பொழிகின்றார். ஆயினும் அந்நாடகத்துள் மிக நீண்ட சொல்லாகிய 'ஆனரிபிகாபிலிட்யூடினிடேடிபசு' என்பதனைக் கூறுவோன் நாட்டுப்புறக் கோமாளி, ஆசிரியர் அல்லர். இஃது எண்ணி மகிழ்தற்குரியது.

எனவே, சொல்லின் நெடுமையோ அயன்மையோ குற்றத்திற்கு அளவுகோல் ஆகாமை பெறப்படும். நெடுஞ்சொல்லும் தேவை நோக்கி வரின் வாழும். குறுஞ்சொல்லும் பகட்டிற்கு வரின் நகைக்கப்படும். ஆயின், நகைப்போர் தம் காலத்தில் இவ்வேறுபாட்டை முற்றும் காணவல்லரோ எனின், அல்லர் என்பதே ஜான்சன் தரும் சான்று. அத்துணைக் கூரிய செவியுடையாரே பாதி பிழைத்தார்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இஃது அயலார் கதை அன்று. 'வெற்றெனத் தொடுத்தல்', 'நின்று பயனின்மை' எனக் குற்றங்களுக்குப் பெயரிட்டு மாணவர்க்கு உரைப்போரும் நாமே. 'அபேட்சகர்' என்றிருந்ததனை 'வேட்பாளர்' என மாற்றியபோது எழுந்த நகைப்பினைக் கடந்து அச்சொல்லைத் தெருவில் வழங்கக் கேட்போரும் நாமே. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் வெளிவந்த 'கமலாம்பாள் சரித்திர'த்துள் இராஜம் ஐயர் படைத்த ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை நம் துறையினர், தமிழ்ப் பண்டிதர். அவரைக் கண்டு நகைக்கும் வாசகன் அவரை வெறுப்பதில்லை. ஆசிரியரே கம்பனில் ஆழ்ந்தவராதலின், எள்ளலிற் பரிவு கலந்தது போலும். எம் ஆய்வேட்டினை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். நாற்பது பக்கத்துள் மூன்று தொடர்களின் பொருள் எமக்கே புலப்படவில்லை. அவற்றை எழுதிய நாளில் அவை மிக ஆழ்ந்தனவாகத் தோன்றினமை நினைவிருக்கின்றது. சொல் முந்திக் கருத்துப் பிந்திய இடங்கள் அவை. சோப்போலிசின் மருந்து அந்நாளிற் கிட்டிற்றில்லை.

மார்ஸ்டன் அம்மாத்திரையை எங்ஙனம் ஏற்றார் என்பதும் கூறற்குரியது. அதே ஆண்டில் டெக்கர் 'சடிரோமாஸ்டிக்சு' என்னும் நாடகத்தால் ஜான்சனைத் திருப்பி எள்ளினார். மார்ஸ்டனோ 1604-இல் அச்சான தம் 'மால்கண்டண்ட்' நாடகத்தை ஜான்சனுக்கே உரிமையாக்கினார். மறு ஆண்டில் இருவரும் சாப்மனோடு கூடி 'ஈஸ்ட்வர்டு ஓ' என்னும் நாடகத்தை இயற்றினர். அதிற் காணப்பட்ட ஸ்காத்துலாந்தியரைப் பற்றிய கேலி அரசனின் சினத்திற்கு இலக்காகவே, ஜான்சனும் சாப்மனும் சிறை புகுந்தனர். அவர்களைச் சிறைக்கு உய்த்த சொற்கள் எவரும் எளிதில் விளங்கிக்கொள்ளும் தெளிந்த ஆங்கிலச் சொற்களாகவே இருந்தன.