பயிற்சிக் கல்லூரியிலிருந்து பல்தர வகுப்பறைக்கு: வன்னியில் புதிய ஆசிரியரின் ஆயத்தநிலை

அறிமுகம்

இலங்கையில் ஆசிரியப் பணிக்குள் நுழைய இரண்டு முதன்மை வழிகள் உள்ளன. ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழி உருவான இக்கல்லூரிகள் நாடெங்கும் உள்ளன. வவுனியா பூந்தோட்டத்திலுள்ள கல்லூரி அவற்றுள் ஒன்று. க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தோர் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையொன்றில் கட்டுறு பயில்வாகக் கழித்து, தேசிய கற்பித்தல் டிப்ளோமா பெறுகின்றனர். மற்றையது பட்டதாரி நியமனம். இவ்வழியில் வருவோர் பலர் போட்டிப் பரீட்சையில் தேறி நேரே வகுப்பறைக்குச் செல்கின்றனர். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பணியில் இருந்துகொண்டே பின்னர் முடிக்கின்றனர்.

ஆசிரியர் பயிற்சியில் கோட்பாடு மிகுந்து செயன்முறை குறைந்துவிட்டது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. வட இலங்கையின் வன்னிப் பகுதியைப் பொறுத்தவரை அது சிக்கலின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது. பயிற்சி மனத்திற்கொள்ளும் வகுப்பறையும் ஆசிரியர் போய்ச் சேரும் வகுப்பறையும் வேறுபட்டவை என்பதே அடிப்படைக் குறைபாடு.

பயிற்சி தருவன

கல்வியியற் கல்லூரிப் பயிற்சியின் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பிள்ளை உளவியல், பாடக் கற்பித்தல் முறை, மதிப்பீடு, பாடக்குறிப்புத் தயாரிப்பு ஆகியவற்றை ஆசிரிய மாணவர் முறையாகக் கற்கின்றனர். நியமனத்துக்கு முன்பே ஓராண்டு வழிகாட்டலின் கீழ் கற்பித்த அனுபவம் அவர்களுக்குண்டு. பயிற்சியின்றி நியமனம் பெறும் பட்டதாரிக்கு இந்த வாய்ப்பு இல்லை. பாட அறிவில் மேம்பட்டவராயினும், தாம் மாணவராக இருந்தபோது கண்ட ஆசிரியர்களைப் பின்பற்றியே அவர் தொடங்க நேர்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் போக்கை விரிவாக விளக்கியுள்ளார்.

2007இல் தொடங்கிய கலைத்திட்ட மறுசீரமைப்பு தேர்ச்சி மையக் கல்வியையும் ஐந்து கட்டக் கற்பித்தல் மாதிரியையும் முன்வைத்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என அமையும் பாடக்குறிப்பை எழுத ஆசிரிய மாணவர் நன்கு பழகுகின்றனர். ஆயினும் அப்பாடக்குறிப்பு ஒரு தரம், ஓர் ஆசிரியர், 40 நிமிடப் பாடவேளை, ஏறத்தாழ ஒரே மட்டத்திலுள்ள பிள்ளைகள் என்ற எடுகோளின் மீது நிற்கிறது.

வன்னி வகுப்பறையின் இயல்பு

வவுனியா வடக்கு, துணுக்காய், முல்லைத்தீவு முதலிய கல்வி வலயங்களின் உட்கிராமங்களில் மாணவர் தொகை குறைந்த சிறிய பாடசாலைகள் உள்ளன. அங்கு தரம் 3உம் தரம் 4உம் ஒரே ஆசிரியரிடம் அமர்வது புதுமையன்று. 2009 மே மாதம் முடிந்த போரும், செட்டிகுளம் முகாம்களில் கழிந்த வாழ்வும், மீள்குடியேற்றமும் ஒரு தலைமுறையின் தொடர்ச்சியான கல்வியைக் குலைத்தன. அன்று பள்ளிப் பருவத்திலிருந்தோர் பலர் இன்று பெற்றோராகியுள்ளனர். ஆகவே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளுண்டு என்ற எதிர்பார்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

இத்தகைய பல்தர வகுப்பில் தரம் 4 மாணவர் ஒருவர் 402இலிருந்து 178ஐக் கழித்து 376 என எழுதுகிறார் எனக் கொள்வோம். சரியான விடை 224. மாணவர் கவனக்குறைவால் பிழைவிடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். அவருக்கு இடப்பெறுமானம் விளங்கவில்லை என்பதையும், பத்தினிடத்தில் பூச்சியம் இருக்கையில் நூறைப் பிரித்துக்காட்ட ஈர்க்குக் கட்டுகள் போதும் என்பதையும் ஆசிரியர் உடனே உணரவேண்டும். அதே வேளையில் தரம் 3 பிள்ளைகள் தாமாகச் செய்யக்கூடிய பயிற்சியில் ஈடுபட்டிருக்கவேண்டும். கணிதம் அறிந்திருப்பதும் உளவியல் அறிந்திருப்பதும் இங்கு தனித்தனியே போதா; இரண்டும் இணையவேண்டும். கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் வரையறுத்த ‘பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு’ இதுவே. பல்தர வகுப்பு இதனுடன் நேரத்தைப் பங்கிடும் திறனையும் வேண்டிநிற்கிறது.

முதலாண்டின் தனிமை

கல்வி ஆய்வாளர் சைமன் வீன்மன் 1984இல் பல நாடுகளின் 83 ஆய்வுகளைத் தொகுத்து, புதிய ஆசிரியர் உணரும் இடர்களை வரிசைப்படுத்தினார். வகுப்பறை ஒழுங்கு, மாணவரை ஊக்குவித்தல், தனியாள் வேறுபாடுகளைக் கையாளுதல் ஆகியவை முன்னின்றன. பெரிய பாடசாலையில் இவற்றைக் கேட்டறிய அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்து வகுப்பிலேயே இருப்பார். சிறிய பாடசாலையில் அதே பாடத்தைக் கற்பிக்கும் வேறொருவர் இருப்பதே அரிது. ஆசிரிய ஆலோசகரோ பல பாடசாலைகளுக்குப் பொதுவானவர். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் ஆசிரியர் இடமாற்றம் பெறுகையில், அவர் அரிதிற் பெற்ற அனுபவமும் அவருடனேயே போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

எல்லாச் சூழலுக்கும் எந்தப் பயிற்சியும் ஆயத்தப்படுத்த முடியாது என்ற எதிர்வாதம் உண்டு. பல்தர வகுப்பு எதிர்பாராமல் நேரும் ஒன்றாயின் அவ்வாதம் ஏற்புடையது. வன்னியில் அது ஆண்டுதோறும் முன்கூட்டியே அறியக்கூடிய நிலை.

முடிவு

கட்டுறு பயில்வின் ஒரு தவணையேனும் சிறிய பல்தரப் பாடசாலையில் கழிய வேண்டும். கற்பித்தல் முறைப் பாடங்களில் மாணவரின் உண்மையான பயிற்சிக் கொப்பிகளைக் கொண்டு பிழைகளை ஆராயும் பழக்கம் இடம்பெறவேண்டும். பட்டதாரி ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையுமுன் கல்வியியற் கல்லூரியில் குறுகிய வதிவிடப் பயிற்சி பெறவேண்டும். முதலாண்டு ஆசிரியர்கள் மாதமொருமுறை ஆசிரியர் மத்திய நிலையத்தில் கூடிப் பேச வலயக் கல்விப் பணிமனைகள் வகைசெய்யவேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம், இம்முயற்சிகளின் பயனை அளவிடும் ஆய்வுகளில் இணையலாம்.

இவற்றுக்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. இருக்கும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தாற் போதும். இன்றைய பயிற்சி நல்ல பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியரை உருவாக்குகிறது. வன்னியின் சிறிய பாடசாலைகளுக்கு அது தொடக்கம் மட்டுமே. எஞ்சிய ஆயத்தத்தைப் புதிய ஆசிரியரின் தனிமுயற்சிக்கு விட்டுவிடுவது அவருக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.